மூன்றாம் மூலையில் ஒரு கிளாஸ் டீ

பூந்தமல்லி
6 மார்ச் 2025

ரேணுகா மேடம் அவர்களுக்கு,

ஹாஜா மொய்தீன் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை, முதல் நோன்பு அன்று, எனக்கு வாட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பினீர்கள். நான் கையைத் துடைத்துக் கண்ணாடியைத் தேடிப் போடுவதற்குள் அழித்துவிட்டீர்கள். எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாதவர் என்ன எழுதினார், எதற்கு அழித்தார் என்று நாலு நாளாக மண்டையைக் குடைகிறது.

போன் செய்ய வேண்டாம். ஜூலை விபத்தில் குழாய் வெடித்தபோது இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் எந்நேரமும் ஒரு ரீங்காரம். போனில் பேசினால் பாதிதான் விழும். அதனால் காகிதத்தில் எழுதுங்கள். காகிதத்தில் எழுதியதை அழிக்க முடியாது, அதற்காகவும்தான் கேட்கிறேன்.

கம்பெனி என்னை வெளியே அனுப்பியபின் இங்கே ஒரு பஸ் ஷெட்டில் ஃபிட்டராக இருக்கிறேன். தை மாதம் ஷெட்டுக்குப் புது லிஃப்ட் ஒன்று வந்து இறங்கியது. பார்த்தால் நம்முடையது. அம்பத்தூரில் நீங்களும் நானும் ஆனந்தனும் சேர்ந்து சோதனை பார்த்த அதே நாலு கால் லிஃப்ட். பஸ்ஸைத் தட்டில் ஏற்றினால் நாலு மூலையிலும் ஹைட்ராலிக் கால்கள் ஆளுயரத்துக்குத் தூக்கும். ஒரு கால் பழுதானாலும் மற்ற மூன்றும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும், தட்டு சாயாது. இங்கே எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அதன் மூளையை, அந்தப் புரோகிராமை, எழுதியவருக்கே சொல்கிறேன் பாருங்கள்.

ஆனந்தன் தினமும் முதல் தூக்கில் மூன்றாம் மூலையில் ஒரு கிளாஸ் டீயை வைப்பானே, ஞாபகம் இருக்கிறதா? டீ சிந்தாவிட்டால், "லெவல் சூப்பரா கீது பாய்" என்று அதை எடுத்துக் குடித்துவிட்டு அடியில் போவான். இங்கே நானும் அப்படி வைக்கிறேன். நோன்பு, குடிக்கப்போவதில்லை, ஆனாலும் ஒரு கிளாஸ் வாங்கி வைக்கிறேன்.

இங்கே சிந்துகிறது மேடம். காலையில் முதல் தூக்கில் மட்டும் மூன்றாம் மூலை ஒரு விரற்கடை முந்தி எழும்புகிறது. நாலைந்து விநாடி கழித்து மெல்ல அமர்ந்து மட்டமாகிறது. யாரோ வந்து அந்த மூலையில் ஏறி நின்றது மாதிரி. இங்கே இருப்பவர்களுக்கு ஆனந்தனைத் தெரியாது. அவர்களே சொல்கிறார்கள், "பாய், யாரோ ஏறிகினு கீறாங்க" என்று. 

இன்னொன்று. ஆனந்தன் இறந்த அன்று லிஃப்டின் எச்சரிக்கை ஹார்ன் கத்தாமல் போனதற்குக் காரணம் நான் ஒயரைப் பிடுங்கியது என்று விசாரணையில் எழுதினார்கள். பிடுங்கியது உண்மை. போன ஏப்ரலில் அது காலையெல்லாம் கத்தியது, பிடுங்கினேன். நீங்கள் புரோகிராமை மாற்றித் தந்ததும் திரும்ப மாட்டினேன். மாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். ஸ்குரூவைத் திருகியது கைக்கு ஞாபகம் இருக்கிறது. அது வேறு ஏதாவது ஒயரோ, வேறு ஏதாவது நாளோ? தட்டு விழுந்ததில் அந்தப் பெட்டியே நசுங்கிப்போச்சு, யாரிடம் கேட்பது?

நீங்கள் அனுப்பி அழித்தது இதைப் பற்றியா?

ஹாஜா மொய்தீன்


கொரட்டூர்
12 மார்ச் 2025

அன்புள்ள ஹாஜா பாய்,

உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் வெகுநேரம் பிரிக்கவில்லை. காது விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை, அதுதான் உண்மை.

முதலில் லிஃப்ட். தயவுசெய்து யாரும் இரும்பு முட்டுக் கொடுக்காமல் அடியில் போகாதீர்கள். நீங்களும்தான்.

மூன்றாம் மூலையில் யாரும் ஏறவில்லை பாய். ஒரு கால் வலுவிழந்தால், அதற்கு எவ்வளவு கூடுதல் அழுத்தம் கொடுத்தால் மட்டமாக நிற்கும் என்று புரோகிராம் கற்றுக்கொள்ளும். கற்றதை ஒரு சின்ன மெமரி அட்டையில் எழுதிவைக்கும். தினமும் சுவிட்ச் போட்டதும் அதை முதலில் படிக்கும். அம்பத்தூர் இயந்திரத்தின் அட்டை விழுந்ததில் உடையவில்லை. புது இயந்திரங்களுக்கு அதையே அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். உங்கள் ஷெட்டில் மூன்றாம் கால் நல்ல கால். ஆனால் அட்டை அதை இன்னும் நொண்டி என்றே நினைக்கிறது. அதனால் முதல் தூக்கில் அதிகமாகத் தள்ளிவிடுகிறது, பிறகு திருத்திக்கொள்கிறது; நகலைப் பூட்டியிருப்பதால் திருத்தியது அட்டையில் ஏறுவதில்லை. பேய் பிசாசு ஒன்றும் இல்லை.

இதே அட்டையோடு இன்னும் ஐந்து லிஃப்ட் போயிருக்கிறது. எங்கள் மேலாளர் ராஜசேகரனிடம் பேசுகிறேன்.

அன்று அனுப்பியது சும்மா நலம் விசாரித்துத்தான். பிறகு சங்கடமாக இருந்தது, அழித்துவிட்டேன்.

ரேணுகா


பூந்தமல்லி
17 மார்ச் 2025

மேடம்,

இயந்திரம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்குச் சொல்லவில்லை.

பேய் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வரும் என்று நினைத்தீர்களோ? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்பத்தூர் மூன்றாம் கால் நொண்டியது, புரோகிராமுக்குத் தெரிந்திருந்தது, கற்றுக்கொண்டு எழுதியும் வைத்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். எத்தனை நாளாக நொண்டியது? ஒரே நாளில் இவ்வளவு கற்றுக்கொள்ளுமா? நான் ஐ.டி.ஐ. படித்தவன்தான், ஆனால் இந்தக் கணக்குப் போடத் தெரியும்.

விதிப்படி முட்டுக் கொடுத்துத்தான் அடியில் போகவேண்டும். முதல் மாதம் கொடுத்தோம். அப்புறம், சாயவே சாயாத தட்டுக்கு எதற்கு முட்டு என்று ஆனந்தன் விட்டான், நானும் விட்டேன், நீங்களும் பார்த்துக்கொண்டு சிரித்தபடி நின்றீர்கள். ஜூலை பதினெட்டாம் தேதி காலையும் டீ ஒரு சொட்டு சிந்தவில்லை. நான்தான் கிளாஸைக் கீழே வாங்கி வைத்தேன். "வந்து குடிச்சிக்கறேன் பாய், ஆறாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அடியில் போனான். மூன்றாம் கால் வெடித்தது. அதற்காகச் சுமந்து சுமந்து தேய்ந்திருந்த இரண்டாம் காலும் சேர்ந்து போச்சு. அந்த டீ சாயங்காலம்வரை அங்கேயே இருந்தது. போலீஸ்காரர் யாரோ கொட்டினார்.

மாசி மாதம் ஆவடி மார்க்கெட்டில் ஆனந்தன் மனைவி நாகம்மாளைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள நினைத்தேன், முடியவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இன்னா பாய், நீ அந்த ஒயர புடுங்குனியா இல்லியா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ." என் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டவன் நான். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நான் அவனைக் கொன்றேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை மேடம். ராத்திரி தூக்கத்தில் விரல் ஸ்குரூ திருகுகிறதாம், என் மனைவி சொல்கிறாள்.

நலம் விசாரிக்க ஒருவர் எழுதினால் அழிக்கமாட்டார். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாது என்றால் அதையாவது எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

ஹாஜா மொய்தீன்


கொரட்டூர்
28 மார்ச் 2025

ஹாஜா பாய்,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. சரியாக வராவிட்டாலும் இதையே அனுப்பப்போகிறேன்.

நீங்கள் ஒயரை மாட்டினீர்கள். இயந்திரத்தை ஆன் செய்யும்போது, ஹார்ன் இணைப்பில் மின்சாரம் ஓடுகிறதா என்று புரோகிராம் ஒருமுறை பார்த்து அதே அட்டையில் பதிவு செய்யும். மே இரண்டாம் தேதியிலிருந்து ஜூலை பதினெட்டு காலை எட்டு பத்துவரை ஒவ்வொரு நாளும் 'இணைப்பு உண்டு' என்றே இருக்கிறது. ஒருநாள்கூட விடுபடவில்லை. விபத்து நடந்த மறுவாரமே நான் இதைப் பார்த்துவிட்டேன். விசாரணையில் உங்களிடம் கேட்டபோது நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "மாட்டினேன்னுதான் நினைக்கிறேன் சார்" என்றீர்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிவை அச்செடுத்த தாள் என் பையில் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்றால், ஒயர் இருந்தது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, பிறகு ஏன் கத்தவில்லை என்பதுதான். அதற்குப் பதில் நான்.

முதலில் நான் எழுதியது, எந்தக் காலுக்காவது புரோகிராம் கை கொடுத்தால் உடனே ஹார்ன் கத்தவேண்டும் என்று. ஏப்ரலில் நீங்களும் ஆனந்தனும் வந்து கேட்டீர்கள். "மேடம், காலைல எண்ணெ கெட்டியா கீது, அதுக்குப் போயி கத்திகினே கீது, காது போவுது." சரி என்று ஒரு வரியை மாற்றினேன். தட்டு சாய்ந்தால் மட்டும் கத்து. பத்து நிமிட வேலை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் தட்டைச் சாயவிடாமல் வைத்திருப்பதே என் புரோகிராமின் வேலை பாய். தட்டு சாய்ந்தால் கத்து என்றால், எல்லாம் முடிந்த பிறகு கத்து என்று பொருள். அது அன்று கத்தியிருக்கும், குழாய் வெடித்த சத்தத்தில், தட்டு பாதி இறங்கியபோது. யாருக்கும் கேட்டிருக்காது.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். பன்னிரண்டு வாரம். ஏப்ரல் கடைசி வாரத்திலேயே மூன்றாம் காலின் சீல் கசியத் தொடங்கிவிட்டது. அந்த வாரம் ஹார்ன் கத்தியது எண்ணெய்க்காக அல்ல. அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ராஜசேகரன் சாருக்கு ஹார்ன் வரி தெரியும். "யாரும் கேக்காதத நாம ஏம்மா குடுக்கணும்?" என்றார். அவரைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. எனக்குப் பயம். வேலை போய்விடும், ஜெயில் வரும், விருதுநகரில் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். பிறகு எனக்கு டீம் லீடர் பதவி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். ரயிலில் யாராவது கையில் டீ கிளாஸோடு ஏறினால் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறேன். அன்று நான் அனுப்பி அழித்தது ஒரே வரி: 'பாய், ஒயர் இருந்தது.'

அந்தத் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அதன் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன செய்யவேண்டுமோ செய்யுங்கள்.

ரேணுகா


பூந்தமல்லி
5 ஏப்ரல் 2025

பெருநாளுக்கு மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. பிரியாணிச் சட்டிகூட இன்னும் கழுவவில்லை. படித்துவிட்டு ரெண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

உங்கள்மேல் எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை. எட்டு மாதம் என்னை அந்தக் கிணற்றில் விட்டுவிட்டு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எதிரியாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். உங்களைத் தங்கச்சி என்று கூப்பிட்டவன் நான், உங்கள் கல்யாணத்துக்கு ரெண்டு பஸ் மாறி விருதுநகர் வந்தவன்.

ஆனால் இன்னொன்றையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் நானும் உங்களைப்போல ஆகிவிடுவேன். கத்தாமல் பண்ணுங்கள் என்று கேட்டது நான். ஆனந்தன் பக்கத்தில் தலையாட்டினான், அவ்வளவுதான். அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாயை மூடு என்றேன், நீங்கள் மூடிக் கொடுத்தீர்கள். ஒயர் விஷயத்தில் நான் சுத்தம். மொத்தத்தில் சுத்தமா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

எனக்கு நீங்கள் சொல்லியாகிவிட்டது. இப்போது சேக்காடு போய் நாகம்மாளிடம் சொல்லுங்கள். நேரில், உட்கார்ந்து. அந்த ஐந்து லிஃப்டையும் நிறுத்துங்கள். நிறுத்தும்வரை எனக்கு எழுதவேண்டாம்.

இங்கே நான் யாரையும் முட்டு இல்லாமல் அடியில் விடுவதில்லை. ஷெட் முதலாளி மனோகரன் முறைக்கிறார், முறைக்கட்டும்.

ஹாஜா


கொரட்டூர்
22 ஏப்ரல் 2025

ஹாஜா பாய்,

ஐந்தும் நின்றுவிட்டன. பதினோராம் தேதி தொழிற்சாலை ஆய்வாளரிடம் எல்லாப் பதிவுகளையும், மாற்றிய வரியையும், என் வாக்குமூலத்தையும் கொடுத்தேன். அதே கையோடு லிஃப்ட் வாங்கிய எல்லோருக்கும் என் பெயரிலேயே எழுதினேன். மறுநாள் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை மறுபடி தொடங்குகிறது. உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். இந்தமுறை தலை குனியவேண்டாம்.

ஆய்வாளரிடம் போவதற்கு முந்தின நாள் சேக்காடு போனேன். நாகம்மாள் அக்கா தண்ணீர் கொடுத்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டே இருந்தார்கள். முடித்ததும் கேட்டார்கள்: "அந்த மிசினுக்கு கால் நோவுதுன்னு பன்னெண்டு வாரமா தெரியும். வெளிய சொல்லல. அப்படித்தானே?" ஆமாம் என்றேன். "உனக்கும் எட்டு மாசமா தெரியும். நீயும் சொல்லல. ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா கீறீங்க." அழுதேன். அவர்கள் அழவில்லை.

வாசல்வரை வந்து, "பாய வரச் சொல்லு. எங்க ஊட்டு வாசப்படி அவருக்கு மறந்துபோச்சான்னு கேளு" என்றார்கள்.

சனிக்கிழமை காலை உங்கள் ஷெட்டுக்கு வரட்டுமா? அட்டையைத் துடைத்து, ஹார்ன் வரியைப் பழையபடி எழுதவேண்டும். ஆய்வாளரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், ஒரு பிரதியும் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். துடைத்துவிட்டால் அந்த மூலையில் யாரும் ஏறமாட்டார்கள். ஆனந்தன் வேலை பார்த்த கால் எப்படி இருந்தது என்பது அந்த இயந்திரத்துக்கு மறந்துவிடும். உங்களைக் கேட்காமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ரேணுகா


பூந்தமல்லி
4 மே 2025

தங்கச்சி ரேணுகாவுக்கு,

அன்று ஷெட்டில் எல்லோர் முன்னாலும் நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. எனக்கும் பாதி கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

துடைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தூக்கு வேண்டும் என்று நான் கேட்டதும் நீங்கள் சுவிட்சை என் கையில் கொடுத்தீர்கள். டீயை வைத்தேன். மூன்றாம் மூலை முந்தி எழுந்தது, டீ சிந்தியது, மெல்ல அமர்ந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் அந்த மூலையை நிமிர்ந்து பார்த்தேன். போய்வா ஆனந்தா என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் துடைத்த பிறகு தூக்கியதில் ஒரு சொட்டு சிந்தவில்லை. தங்கச்சி, அந்தச் சிந்தாத டீயைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

பிறகு நீங்கள் மூன்றாம் காலின் வால்வை வேண்டுமென்றே பாதி அடைத்துவிட்டுத் தூக்கினீர்கள். தட்டு மட்டமாகவே ஏறியது. ஆனால் ஷெட்டில் இருந்த எல்லோரும் காதைப் பொத்தினார்கள். அதைப் பார்த்துத்தான் ஹார்ன் கத்துகிறது என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் சேக்காடு போனேன். நாகம்மாள் கதவைத் திறந்ததும், "மாட்டினேன்மா" என்றேன்.  "தெரியும், உள்ள வா, சோறு ஆறுது" என்றார்கள். நான் வருவேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. ஆனந்தன் தட்டிலேயே போட்டார்கள்.

விரல் திருகுவது நின்றுவிட்டதாம்.

இப்போது முந்தாநாள் கதை. நீங்கள் எழுதிக் கொடுத்த ஹார்ன் ரொம்ப நல்லவன், காலை முதல் தூக்கில் எண்ணெய் கெட்டியாக இருந்தால் கத்தத்தான் செய்கிறான். முதலாளி மனோகரன் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். "பாய், பக்கத்து ஊட்டுக்காரங்கல்லாம் சண்டைக்கு வராங்க. அந்த ஒயர மட்டும் கொஞ்சம்..." என்றார். அதே வார்த்தை, தங்கச்சி. போன வருஷம் ஏப்ரலில் என் வாயிலிருந்து வந்த அதே 'கொஞ்சம்'.  ஸ்குரூ டிரைவரை அவர் கையில் கொடுத்துவிட்டு, என் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பின்னாலேயே ஓடிவந்து கூட்டிக்கொண்டு போனார்.

ஹார்னை மேலே இருந்து கழற்றி மூன்றாம் கால் தூணில் மாட்டியிருக்கிறேன். அது கத்துவதும் என் காதின் ரீங்காரமும் ஒரே சுருதி, எனக்குப் பிரித்துக் கேட்பதில்லை. ஆனால் டீயை வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். தட்டு சாயாது, டீ சிந்தாது. கத்தினால் மட்டும் கிளாஸுக்குள் சின்னச் சின்ன வளையமாக நடுங்கும். அது அடங்கும்வரை நான் யாரையும் அடியில் விடுவதில்லை.

உங்கள் அண்ணன்
ஹாஜா மொய்தீன்